பேசாதவர்களின் ஆப்பரேட்டர்

கைசு ராப்பனாவுக்கு எங்கள் கணினி அரட்டைச் சங்கத்தில் சாவிக்காரி என்று பெயர். கையில் பிடிக்கிற சாவி எதுவும் அவரிடம் இருந்ததில்லை. இருந்தது ஒரு கடவுச்சொல். அதைத் தட்டினால் ஔலு நகரத்து சர்வரில் யார் உள்ளே வரலாம், வந்தவர் எந்த அறையில் உட்காரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதெல்லாம் அவர் சொன்னபடி நடக்கும். ஆப்பரேட்டர் என்பது அந்த வேலையின் முறையான பெயர். சங்கத்தின் செயலாளராக ஆண்டறிக்கையில் நான் அப்படித்தான் எழுதினேன். பேச்சில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வடக்கே எங்கள் வளைகுடாக் கரையோரம் தோர்னியோவிலிருந்து கொக்கோலா வரை ஆறு ஊர்களில் ஆறு சர்வர்களைத் தொலைபேசிக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி ஒரு அரட்டை வலையாக வைத்திருந்தோம். கெமியில் ஒருவர் ஒரு வரி தட்டினால் அது மற்ற ஐந்து ஊர்களுக்கும் ஓடும். அந்த அறையில் இருக்கும் அத்தனை பேர் திரையிலும் விழும். காபி அறை, வானிலை அறை, மீன்பிடி அறை, குறுக்கெழுத்து அறை என்று பல அறைகள் இருந்தன. எல்லோரும் புனைபெயரில் வருவார்கள். மோடம் கிறீச்சிட்டு முடிந்ததும் "மொய்" என்று வணக்கம் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அதற்கு மேல் அவரவர் இஷ்டம்.

எங்கள் சர்வர் ஔலுவின் துய்ரா பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில், சலவை அறைக்கும் சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கும் நடுவே இருந்த ஒரு சிறிய அறையில் ஓடியது. கைசு அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார். வீடுகளுக்குக் குழாய் வழியே சூடு அனுப்புகிற நகராட்சி வெப்ப விநியோக அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு முன்னால் ஆப்பரேட்டராக இருந்த மாணவன் தன்னோடு வாதம் செய்தவர்களையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தலைநகர் ஹெல்சின்கியில் வேலை கிடைத்தபோது ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. அடுத்து யார் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "ராப்பனா, நீ மேலதானே இருக்க" என்றார். அவ்வளவுதான் தேர்தல்.

அனுமதிப் பட்டியல் என்று ஒரு கோப்பு உண்டு. எந்தக் கணினி முகவரியிலிருந்து எத்தனை பேர் ஒரே நேரத்தில் வரலாம், எவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தால் சர்வர் "இருக்கிறாயா" என்று கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். அந்தக் கேள்விக்கு மனிதர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய கணினியே சொல்லிவிடும். மற்ற ஊர் ஆப்பரேட்டர்கள் வெறும் எண்களை எழுதி வைத்திருந்தார்கள். கைசு ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் காரணம் எழுதுவார். நகர நூலகத்துக்கான வரியின் பக்கத்தில், "இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் வந்தால் நூலகர் திட்டுவார்" என்று இருந்தது. பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. என் உத்தியோக காலத்தில் நில அளவை அலுவலகத்தில் எத்தனையோ பதிவேடுகளைச் சரிபார்த்திருக்கிறேன். சரிபார்க்கும்போது சிரித்தது இதில் மட்டும்தான்.

அவர் அதிகாரத்தைப் பயன்படுத்திய விதத்துக்கு ஒரு பல் மருத்துவர் கதையைச் சொன்னால் போதும். அந்த மருத்துவர் வாரநாட்களில் சாது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு கோப்பை உள்ளே போனால் காபி அறைக்கு வந்து தன் அண்ணனைத் திட்டி நீளநீளமாக எழுதுவார். அண்ணனும் அதே அறையில் இருப்பார். வேறு ஊராக இருந்தால் முகவரியையே தடைசெய்திருப்பார்கள். கைசு அவர் பேசும் அனுமதியை மட்டும் எடுத்துவிடுவார். அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கலாம், எழுத முடியாது. ஏன் இப்படி என்று நான் கேட்டேன்.

"பூட்டு வாய்க்குத்தான் கலெர்வோ, காதுக்கு இல்ல" என்றார். "வெளிய தள்ளினா அவரு தனியா உக்காந்து இன்னும் குடிப்பாரு."

ஞாயிறு காலையில் பூட்டை எடுத்துவிடுவார். மருத்துவர் "காலை வணக்கம்" என்பார். கைசுவும் "காலை வணக்கம்" என்பார். சனிக்கிழமையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்னொரு அதிகாரமும் ஆப்பரேட்டருக்கு உண்டு. ஒரு கட்டளை தட்டினால் ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்திருக்கிறார், எந்தெந்த அறையில் இருக்கிறார், கடைசியாக எப்போது எழுதினார் என்று சர்வர் சொல்லிவிடும். மற்ற ஆப்பரேட்டர்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பது மாதிரி அடிக்கடி பார்ப்பார்கள். கைசு, புகார் வந்தால் தவிர, பார்ப்பதே இல்லை. அவரோடு ஆண்டுக்கணக்கில் அரட்டை அடித்தவர்களின் உண்மைப் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு விநாடி ஆகாது, ஆனாலும் தெரியாது.

தொல்லை வந்தது கொக்கோலாவிலிருந்து. வலையின் புதிய தலைவராக அந்த ஊர் ரூரிக் ஸ்டென்வால் வந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர், வீட்டில் ஸ்வீடிஷ் பேசுகிற கடற்கரைக் குடும்பம். ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் எங்களைவிடக் கலகலப்பானவர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. மார்ச் மாதம் கொக்கோலாவில் நடந்த வருடக் கூட்டத்தில் அவர் ஒரு குறையை வைத்தார். சாயங்காலங்களில் சர்வர்கள் நிரம்பிவிடுகின்றன, புதிதாக வருபவர்களுக்கு இடமில்லை என்று திரும்பிப் போகிறார்கள். உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் மணிக்கணக்காக ஒரு எழுத்தும் தட்டுவதில்லை. அந்தக் கணக்கு சரி, நானே சரிபார்த்தேன். அவர் கொண்டுவந்த தீர்மானம் இது: ஒரு மணி நேரம் எதுவும் எழுதாதவரின் இணைப்பை சர்வர் தானாகத் துண்டிக்க வேண்டும். ஆப்பரேட்டர்களுக்கு மட்டும் விலக்கு.

கைசு அதுவரை பன்னைக் கிழித்துக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார். தலைநிமிர்ந்து, பேசாதவர்களை இல்லாதவர்கள் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். ஸ்டென்வால், அரட்டை வலைக்கு வந்துவிட்டு அரட்டை அடிக்காதவர் எதற்காக இடத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"எங்க கட்டடத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்துல ஒரு சவுனா முறை இருக்கு" என்றார் கைசு. "வெள்ளிக்கிழமை ஏழு மணி ஒருத்தரோட முறைன்னா அது அவரோடது. உள்ள அவரு பாடறாரா, சும்மா உக்காந்திருக்காரான்னு யாரும் கதவைத் தட்டிக் கேக்கறதில்ல."

"சவுனாவுக்கு வெளிய வரிசை நிக்கலையே" என்றார் ஸ்டென்வால்.

வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது. திரும்பி வரும் ரயிலில் அவர் என்னிடம் அதைக் குறை சொல்லவில்லை. தீர்மானம் தீர்மானம்தான், போனதும் எழுதிவிடுகிறேன் என்றார். எழுதினார். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் காரணத்துக்கான இடம் காலியாக இருந்தது.

விதி அமலுக்கு வந்த முதல் சாயங்காலம் கொக்கோலா சர்வரிலிருந்து அனேகமாக யாரும் துண்டிக்கப்படவில்லை. எங்கள் சர்வரில் காபி அறையே காலியாகிவிட்டது. கெமியிலும் ராஹேயிலும் அதே நிலை. எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு அறைக்கு வந்தால் மொய் சொல்வார்கள். பிறகு சமைப்பார்கள், மீன் வலை பின்னுவார்கள், செய்தித்தாள் படிப்பார்கள். திரை பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். யாராவது ஏதாவது எழுதினால் படிப்பார்கள். பதில் சொல்லத் தகுந்த விஷயமாக இருந்தால்தான் சொல்வார்கள். சேர்ந்திருப்பது என்றால் எங்களுக்கு அதுதான். கொக்கோலாக்காரர்கள் மூச்சு விடுவதற்காகப் பேசுகிறார்கள், நாம் மூச்சு விட்டால் போதும் என்று இருக்கிறோம் என்று கைசுவின் வெப்ப அலுவலகத்தில் ஒரு ஜோக் ஓடியது.

தூக்கி எறியப்பட்டவர்கள் சண்டைக்கு வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். மணிக்கு ஒருமுறை ஏதாவது எழுதுங்கள், அது போதும் என்று கைசு அறிவிப்பு வைத்தார். அதைவிட விவரமாக எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் ஜனங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள்.

எல்லோரும் "யோ" என்று எழுதத் தொடங்கினார்கள்.

யோ என்றால் ஆமாம். ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு அதைவிடப் பெரிய வேலை உண்டு. ஒருவர் கதை சொல்லும்போது கேட்பவர் ம் கொட்டுவாரே, அந்த ம்தான் யோ. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வோம். யாரும் கதை சொல்லாத அறைகளில், கடிகாரத்தைப் பார்த்து, நூற்றுக்கணக்கானவர்கள் ம் கொட்டினார்கள். துண்டிக்கப்படுவோமோ என்ற பயத்தில் சிலர் ஒரு மணி நேரம்வரை காத்திருக்காமல் கால்மணிக்கு ஒருமுறை கொட்டினார்கள். பல அறைகளில் இருப்பவர்கள் எந்த அறைக்கு இந்த விதி என்று தெரியாமல் எல்லா அறையிலும் கொட்டினார்கள். ஒவ்வொரு யோவும் ஆறு ஊர்களுக்கும் ஓடியது. பேசாமல் இருந்தவர்கள் சர்வருக்குச் சுமையாகவே இருந்ததில்லை, இடத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். பேசத் தொடங்கியதும் கம்பி திணறியது. கொக்கோலாவில் ஒரு வரி தட்டினால் தோர்னியோவுக்குப் போய்ச் சேருவதற்குள் காபி ஆறிவிடும்.

ஆண்டறிக்கை சம்பந்தமாக நான் கைசுவின் சமையலறையில் இருந்தபோது ஸ்டென்வால் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் எனக்கும் கேட்டது.

"ராப்பனா, உங்க ஊரு ஆளுங்க போராட்டம் பண்றாங்களா?"

"இல்லயே."

"பின்ன இது என்ன, யோ யோன்னு?"

"நீங்கதானே பேசச் சொன்னீங்க. பேசறாங்க."

"இதுக்குப் பேரு பேச்சா?"

"எங்க ஊருக்கு இது நல்லாவே பேசறதுதான்" என்றார் கைசு.

ஸ்டென்வால் சிரிக்கவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களைத் தொல்லைக்காரர்கள் என்று தடைசெய்யச் சொன்னார். கைசு மறுத்துவிட்டார். பேசாததற்காகத் துண்டிக்க விதி இருக்கிறது, துண்டிக்கிறேன். ஆமாம் என்று சொன்னதற்காகத் துண்டிக்க விதி எதுவும் இல்லை என்றார்.

இந்த அமர்க்களத்தில் ஒருவர் மட்டும் யோ கூடச் சொல்லவில்லை. காபி அறைக்குத் தினமும் வருகிற அவர் புனைபெயர் கீஸ்கி. எங்கள் நதிகளில் கிடைக்கிற, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிற சின்ன மீன் அது. கீஸ்கி சாயங்காலம் வருவார், மொய் சொல்வார், பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார். ஆணா பெண்ணா, கிழவரா இளையவரா என்று யாருக்கும் தெரியாது. விதி வந்த பிறகு மணிக்கு ஒருமுறை அவர் துண்டிக்கப்பட்டார். உடனே திரும்பி வந்து மொய் சொன்னார். மறுபடி துண்டிப்பு, மறுபடி மொய். இப்படி ஒரே முகவரி திரும்பத் திரும்பக் கதவைத் தட்டினால் சர்வர் அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு சாயங்காலம் அது கீஸ்கியின் முகவரியைத் தானாகவே தடைசெய்துவிட்டது. அந்தத் தடையை எழுதி வைத்தவர் கைசுதான், எப்போதோ, நிஜத் திருடர்களுக்காக.

மறுநாள் காபி அறையில் ஒருவர், "கீஸ்கி எங்கே" என்று எழுதினார். சற்று நேரம் கழித்து இன்னொருவரும் கேட்டார். பல் மருத்துவர் கேட்டார். அவருடைய அண்ணனும் கேட்டார். கீஸ்கியோடு ஒருநாளும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் இவர்களெல்லாம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். பேசாத ஆள் இல்லாமல் போனதும் அறை வேறு மாதிரி ஆகிவிட்டது.

கைசு தடையை எடுத்தார். எடுத்தால் மட்டும் போதாது, மறுபடி விழும். ஆகவே அனுமதிப் பட்டியலில் கீஸ்கிக்கென்று ஒரு தனி வரி சேர்த்தார்: இவருக்கு நேர வரம்பு இல்லை. தீர்மானத்துக்கு நேர் விரோதமான வரி. பக்கத்தில் காரணம் எழுதினார்: "கீஸ்கி. பேச வேண்டாம்." என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். மாத முடிவில் ஆறு ஊர்ப் பட்டியல்களும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும், ஸ்டென்வால் கண்ணில் படாமல் போகாது என்று எச்சரித்தேன். சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். பிறகு, "சாவி போனா எனக்குச் சாயங்காலமே இல்ல, கலெர்வோ" என்றார்.

அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன மிக நீண்ட பேச்சு அதுதான். பகலில் மீட்டர், சாயங்காலம் அந்த அறைகள். கதவைத் திறந்து வைப்பது, சண்டைக்காரர்களைத் தள்ளி உட்கார வைப்பது, கம்பி அறுந்தால் மற்ற ஊர்களோடு மறுபடி கோர்ப்பது. அதை எடுத்துவிட்டால் மூன்றாம் மாடியில் ஒரு சமையலறையும் ஒரு ரேடியோவும்தான் மிஞ்சும். அது தெரிந்தேதான் அந்த வரியை எழுதினார். மறைக்கவும் இல்லை.

ஸ்டென்வால் பார்த்துவிட்டார். ஆறு ஊர் ஆப்பரேட்டர்களும் கூடுகிற தனி அறையில் எல்லோரையும் அழைத்தார். கைசு அன்று திரைக்கு முன்னால் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். செயலாளர் என்பதால் நான் அவர் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தேன். ஸ்டென்வால் முதலில் கேட்டது, யார் இந்தக் கீஸ்கி என்று.

தெரியாது என்று கைசு எழுதினார்.

முகவரியைப் பார்த்திருப்பாயே என்றார் அவர். பட்டியலில் இருக்கிறது, யாருடையது என்று தேடவில்லை என்றார் இவர். சொந்தக்காரரா, சிநேகிதரா என்று கேட்டார். அதுவும் தெரியாது என்று பதில் போனது. பிறகு, "யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக உன் சாவியைப் பணயம் வைக்கிறியா?" என்று வந்தது.

"தெரிஞ்சவங்களுக்காக வெச்சா அது சலுகை ஆயிடும்" என்று கைசு எழுதினார்.

ஸ்டென்வால் தன் தீர்மானத்தை எழுதினார்: துய்ரா சர்வரின் ஆப்பரேட்டர் விதியை மீறியதால் அவரை ஆப்பரேட்டராக ஏற்கும் வரியை மற்ற ஐந்து சர்வர்களும் தங்கள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அதன் பிறகு அவர் சாவி எங்கேயும் செல்லாது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

ஒருவரும் எழுதவில்லை. கெமியின் ஆப்பரேட்டர் வெய்யோ லாந்தோ எழுதவில்லை. ராஹே எழுதவில்லை. தோர்னியோவும் மிச்சமிருந்த இன்னொரு ஊரும் எழுதவில்லை. கைசு திரையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது. காபி ஊற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஸ்டென்வால் காத்திருந்து பார்த்துவிட்டு, ஆட்சேபணை இல்லாததால் தீர்மானம் நிறைவேறியது என்று எழுதி அறையை மூடினார்.

மௌனம் சம்மதம் என்பது கொக்கோலாவில் செல்லும். எங்கள் பக்கத்தில் அது அப்படியல்ல. ஒருவர் கேட்டதற்கு நாலு பேர் வாயே திறக்கவில்லை என்றால், இந்தப் பேச்சு இத்தோடு போகட்டும் என்று பொருள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி ஒருவரைச் சங்கடப்படுத்த மாட்டோம். இது ஸ்டென்வாலுக்குத் தெரியவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, அறிக்கையில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதச் சொன்னார். நான் "யாரும் பேசவில்லை" என்று எழுதியிருந்தேன். நடந்தது அதுதான். இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றல்ல என்றேன். நீக்க வேண்டிய வரிகள் ஐந்து. கொக்கோலாவில் அவர் கையாலேயே ஒன்றை நீக்கினார். மற்ற நான்கும் அப்படியே இருந்தன.

அவர் லாந்தோவைக் கூப்பிட்டுக் கேட்டாராம். அந்த உரையாடலை லாந்தோ பின்னால் என்னிடம் அப்படியே சொன்னார்.

"அந்த வரியை எடுத்துட்டியா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எதைப் பாத்துக்கிட்டு இருக்க?"

"அந்த வரியைத்தான்."

இதற்குப் பிறகு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்டென்வால் ரயிலேறி ஔலுவுக்கு வந்தார். மனைவி சுட்டுக் கொடுத்த ஏலக்காய் பன் ஒரு பை நிறைய இருந்தது. சண்டைக்கு வந்தவர் பன் கொண்டுவர மாட்டார் என்று கைசு சொன்னார், ஆனாலும் என்னையும் வரச் சொல்லியிருந்தார். மூவரும் அவர் சமையலறையில் உட்கார்ந்தோம். கைசு எங்கள் பக்கத்து வழக்கப்படி தட்டையான பாலாடைக்கட்டியை நறுக்கிக் கோப்பைகளில் போட்டு அதன்மேல் காபியை ஊற்றினார். காபி அறை திரையில் திறந்திருந்தது. இருபது முப்பது பெயர்கள் வரிசையாக இருந்தன. கீஸ்கியும் இருந்தார். ஒரு வரியும் வரவில்லை.

ஸ்டென்வால் முதல் கோப்பையைக் குடித்து முடித்தார். இவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். "இரு" என்றார் கைசு. அவர் இருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. காலை மாற்றி மாற்றிப் போட்டார், பன்னை உருட்டினார், இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

திரையில் "மழை" என்று ஒரு வரி விழுந்தது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு வேறு ஒருவர், "இங்கேயும்" என்று எழுதினார்.

ஸ்டென்வால் எங்கள் இருவரையும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழைதான் பெய்துகொண்டிருந்தது. சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல இதே மழைக்கு இந்நேரம் நாப்பது வரி ஓடியிருக்கும்" என்றார். "நாலு பேரு சண்டை போட்டிருப்பாங்க."

"தெரியும், படிச்சுக்கிட்டுதான் இருக்கோம்" என்றார் கைசு. "நல்லா இருக்கும்."

இதற்குப் பிறகு வேலை சுலபமாக நடந்தது. வெளியே வரிசை நிற்கிறது என்று ஸ்டென்வால் சொன்னது உண்மை என்பதைக் கைசு மார்ச் கூட்டத்திலிருந்தே மனதில் போட்டு வைத்திருந்தார். அவருடைய யோசனை எளிமையானது. இடம் இருக்கும்வரை யாரையும் துண்டிக்க வேண்டாம், எத்தனை நேரம் பேசாமல் இருந்தாலும் சரி. சர்வர் நிரம்பி, வெளியே ஒருவர் வந்து நின்றால் மட்டும், ஒருவரை எழுப்பி அந்த இடத்தைக் கொடுக்கலாம். ஸ்டென்வால் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார். வரும் வாக்கெடுப்பில் தானே இதைக் கொண்டுவருகிறேன், கொக்கோலாவில் எடுத்த வரியை இன்றைக்கே திரும்பப் போடுகிறேன் என்றார். பிறகு பேனாவை நிறுத்தினார். யாரை முதலில் எழுப்புவது? அதிக நேரம் பேசாதவரையா? அப்படியென்றால் அது கீஸ்கிதான்.

"ஆப்பரேட்டரை" என்றார் கைசு.

அவருக்குப் புரியவில்லை. எந்த ஆப்பரேட்டரை என்று கேட்டார்.

"என்னை. அதுக்கப்புறம்தான் மத்தவங்க."

ஆப்பரேட்டருக்கு விலக்கு கொடுப்பதுதானே எல்லா வலையிலும் வழக்கம், சாவி வைத்திருப்பவரையே வெளியே தள்ளுகிற சர்வரை யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் வாதாடினார். கைசு கோப்பையில் மிஞ்சிய பாலாடைக்கட்டியைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பேசினார்.

"சாவி இருக்கறவ வெளிய நின்னா பரவால்ல ரூரிக். திறக்கத் தெரியும். மத்தவங்க வெளிய போனா, தட்டலாமா கூடாதான்னு யோசிச்சே திரும்பிப் போயிடுவாங்க. எங்க ஊரு ஆளுங்களை எனக்குத் தெரியும்."

விதி அப்படியே எழுதப்பட்டது. இலையுதிர்காலத்தில் இருட்டு சீக்கிரம் விழத் தொடங்கியதும் எல்லோரும் சாயங்காலமே திரைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். அக்டோபரில் ஒருநாள் எங்கள் சர்வர் புதிய விதிக்குப் பிறகு முதன்முறையாக முழுசாக நிரம்பியது. கைசுவின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரையில் அவருக்கு வந்த செய்தி, அவரே எழுதி வைத்த செய்தி, "மன்னிக்கவும், உங்கள் இடம் வேறொருவருக்குத் தேவைப்படுகிறது" என்பது. அவர் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே தொலைபேசி அடித்தது. ஸ்டென்வால்தான். கொக்கோலாவிலிருந்து தினமும் காபி அறைக்கு வரத் தொடங்கியிருந்தார், அங்கே எல்லோருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"ராப்பனா, உன் பேரு காணாமப் போச்சு."

"இடம் நிறைஞ்சிடுச்சு. யாரு வந்தது?"

"யாரோ புதுசு. மொய் சொன்னாங்க. நான் ஊரு எது, என்ன வேலைன்னு எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். ஒரு வார்த்தை வரல."

"கேக்காத, உக்காரட்டும்" என்றார் கைசு.